பைக்குக்கு எக்ஸ்ட்ரா எல்.ஈ.டி. லைட் பூட்டுவது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு ரவுனில் சின்னதாக ஒரு வயரிங் கடை வைத்திருக்கிறேன். கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் பின்னேரம் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கேட்பார்கள்: "அண்ணே, பைக்குக்கு எக்ஸ்ட்ரா லைட் ஒரு சோடி பூட்ட வேணும், என்ன மாதிரி?" கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு உண்மையிலேயே எக்ஸ்ட்ரா லைட் தேவையா?

ரவுனுக்குள்ளேயே ஓடுகிறவர் என்றால் தேவையில்லை. கல்லடிப் பாலம் தாண்டிக் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று கல்முனை வரை ஏ4 வீதியில் ஊர்களும் கடை வெளிச்சமும் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அங்கே கண்ணைக் கெடுப்பது எதிரே வருகிறவரின் லைட்தான்.

வாவிக்கு அந்தப் பக்கம் போகிறவர் கதை வேறு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று படுவான்கரை முழுக்க வயலுக்கு நடுவே போகிற வீதிகள். செங்கலடியில் இருந்து கரடியனாறு, புல்லுமலை என்று ஏ5 வீதியில் போனாலும், அந்தப் பக்கம் திருக்கோவிலில் இருந்து பொத்துவிலுக்குப் போனாலும் இதே நிலைதான். இருட்டில் தார் வீதி கறுப்பு, அதன் மேல் படுத்திருக்கிற எருமையும் கறுப்பு. மழை நாளில் மாடுகள் ஈர நிலத்தை விட்டுச் சூடான தாருக்கு வந்து படுத்துக்கொள்ளும். நம் பக்கம் பார்த்துப் படுத்திருந்தால் கண்ணாவது மின்னும், அந்தப் பக்கம் பார்த்திருந்தால் ஒன்றுமே தெரியாது. பின் லைட் இல்லாத லேண்ட் மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) பெட்டியும் அப்படித்தான். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்தால் வீதி ஓரத்தில் நெல்லைக் காயப்போட்டு, கரையில் கல் வைத்திருப்பார்கள்.

ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன் இருக்கிற ஹெட்லைட்டை ஒருமுறை பாருங்கள். கண்ணாடி மஞ்சளாகிப் போயிருக்கும், உள்ளே தூசியும் ஈரமும் இருக்கும், பல்பு கறுத்திருக்கும், ஏர்த் வயர் துரு பிடித்திருக்கும். இதையெல்லாம் துப்புரவாக்கிப் புதுப் பல்பு போட்டு அனுப்பிய சிலர் மறுபடி எக்ஸ்ட்ரா லைட் கேட்டு வரவே இல்லை. எனக்கு வியாபாரம் குறைவுதான், பரவாயில்லை.

ஹெட்லைட் பல்பை மட்டும் எல்.ஈ.டி.யாக மாற்றினால் போதாதா?

போதாது. பல இடங்களில் கெடுதலும் கூட. ஹலஜன் பல்புக்குச் செய்த ரிஃப்ளெக்டர், அந்தப் பல்பின் இழை இருக்கிற சரியான புள்ளியில் இருந்து வெளிச்சம் வருகிறது என்று கணக்குப் பண்ணிச் செய்யப்பட்டது. எல்.ஈ.டி. பல்பில் சிப் இரண்டு பக்கமும் தட்டையாக ஒட்டியிருக்கும். வெளிச்சம் அந்தப் புள்ளியில் இருந்து வராது. அதனால் டிம் போட்டாலும் வெளிச்சம் மேலே சிதறும். உங்களுக்கு முன்னால் பளிச்சென்று இருக்கும், தூரத்தில் ஒன்றும் தெரியாது, எதிரே வருகிறவருக்குக் கண் கூசும்.

தனியாக ஒரு சோடி ஃபோக் லைட் (கிட்டத்தில் அகலமாக விரிகிற லைட்) பூட்டும்போது அதன் லென்ஸும் ரிஃப்ளெக்டரும் அந்த எல்.ஈ.டி. சிப்புக்கென்றே செய்யப்பட்டவை. அந்த வசதி பல்பு மாற்றுவதில் கிடையாது.

பெட்டியில் 180 வாட்ஸ் என்று போட்டிருக்கிறதே, நம்பலாமா?

உள்ளங்கைக்குள் அடங்குகிற லைட்டில் 180 வாட்ஸ் என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். எல்.ஈ.டி.க்கும் சூடு உண்டு. அந்தச் சூடு வெளியேற அலுமினிய உடம்பும் பின்னால் செதிள் செதிளாக வெட்டிய பகுதியும் வேண்டும். சின்ன உடம்பால் அவ்வளவு சூட்டைக் கக்க முடியாது, சிப் கருகிவிடும். வெறும் கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கனமே இல்லாத லைட் நாள் நிற்காது.

மல்ட்டி மீற்றர் இருந்தால் சோதித்தும் பார்க்கலாம். மீற்றரை 10 அம்பியர் பக்கம் போட்டு, பற்றரிக்கும் லைட்டுக்கும் நடுவில் தொடராகக் கோர்த்து, வருகிற எண்ணை வோல்ட்டால் பெருக்குங்கள். 12 வோல்ட்டில் 1.5 அம்பியர் காட்டினால் அது 18 வாட்ஸ் லைட். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் 18தான்.

நம்மூர்ப் பாவனைக்கு ஒரு பக்கம் 10 முதல் 20 வாட்ஸ், நல்ல லென்ஸோடு, தாராளமாகக் காணும்.

என் பைக்கின் பற்றரி தாங்குமா?

லைட்டை நெடுக எரிய வைப்பது பற்றரி என்று நினைக்கிறோம். ஓடும்போது கரண்ட் தருவது எஞ்சினுக்குள் இருக்கிற காயில். பற்றரி நடுவில் நிற்கிற தொட்டி மாதிரி. காயில் ஊற்றுகிறதைவிட லைட் அதிகம் குடித்தால் தொட்டி மெல்ல மெல்ல வற்றும். அன்றைக்குத் தெரியாது, மூன்று நாள் கழித்துக் காலையில் செல்ஃப் அடிக்காமல் நிற்கும்போதுதான் தெரியும்.

கணக்கு எளிது. 20 வாட்ஸ் லைட் இரண்டு, மொத்தம் 40. அதை 12ஆல் வகுத்தால் 3.3 அம்பியர். சின்ன 100 சீசீ பைக்குகளில் வருகிற 2.5 அம்பியர்-அவர் (Ah) பற்றரியை எஞ்சின் நிற்பாட்டி இந்த லைட்டோடு விட்டால் கணக்குப்படி 45 நிமிடம். நடைமுறையில் அரை மணிக்கு முன்பே சுருண்டுவிடும். அதனால்தான் திறப்புப் போட்டால் மட்டும் லைட் எரிகிற மாதிரி வயரிங் செய்ய வேண்டும் என்று அடம்பிடிக்கிறேன்.

தாங்குமா என்பதை உங்கள் பைக்கிலேயே அளந்து பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பற்றரி 12.6 வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டும். ஸ்டார்ட் பண்ணி, ஹெட்லைட், புது லைட் எல்லாவற்றையும் போட்டு, வழக்கமாக ஓடுகிற அளவுக்கு அக்சிலேட்டர் கொடுத்துப் பற்றரி முனையில் அளவுங்கள். 13.2க்கு மேல் நின்றால் பிரச்சினை இல்லை. 12.8க்குக் கீழே இறங்கினால் தொட்டி வற்றுகிறது என்று அர்த்தம், வாட்ஸைக் குறையுங்கள். 14.8க்கு மேலே ஏறினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரில் கோளாறு. லைட் பூட்டுவதற்கு முன் அதை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது லைட்டைத்தான் முதலில் சுடும்.

இன்னொன்று. பழைய சின்ன பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட் பற்றரியில் எரிவதில்லை, காயிலில் இருந்து நேராக வருகிற ஏ.சி. கரண்டில் எரிகிறது. சோதனை இதுதான்: எஞ்சின் நிற்பாட்டி, திறப்பை மட்டும் போட்டு ஹெட்லைட் சுவிட்சைத் தட்டுங்கள். எரியாமல், ஸ்டார்ட் பண்ணியபின் முறுக்க முறுக்கப் பிரகாசமாகினால் அது ஏ.சி. அந்த வயரில் எல்.ஈ.டி.யைக் கொடுக்காதீர்கள். துடிதுடித்து எரிந்து சீக்கிரம் போய்விடும். பற்றரிப் பக்கத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும்.

மஞ்சள் லைட்டா, வெள்ளை லைட்டா?

மஞ்சள் பனியைக் கிழித்துக்கொண்டு போகும் என்பது எல்லாரும் சொல்கிற கதை. பனித்துளியின் பருமனுக்கு முன்னால் மஞ்சளும் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறும். ஆனால் நீலம் தூக்கலான வெள்ளை வெளிச்சம் மழையிலும் பனியிலும் திரும்பி வந்து நம் கண்ணிலேயே அடிக்கும், கண் களைத்துப் போகும். மஞ்சளில் அந்த எரிச்சல் குறைவு. பூச்சியும் குறைவாக வரும். வயல் வெளியில் ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்து வைத்து ஓடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

என் கருத்து: ஃபோக் லைட் மஞ்சள், ஹெட்லைட் வெள்ளை. பதுளைக்கு ஏறுகிறவர்கள் லுணுகலை, பசறைப் பக்கம் பனிக்குள் மாட்டினால் ஹெட்லைட்டை டிம்மில் வைத்து, கீழே இருக்கிற மஞ்சள் சோடியை மட்டும் நம்பி மெதுவாகப் போங்கள். ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

ஸ்பொட் லைட் நல்லதா, ஃபோக் லைட் நல்லதா?

ஸ்பொட் ஒடுங்கிய வெளிச்சத்தைத் தூரத்துக்கு அனுப்பும். ஃபோக் அகலமாக, கிட்டத்தில், மேல் விளிம்பை வெட்டினது போல் விரிக்கும். பையன்கள் எல்லாரும் ஸ்பொட் கேட்டு வருவார்கள். கரடியனாறுப் பக்கம் இருந்து வருகிற ஒரு பெரியவர் மட்டும் ஒரு நாள் சொன்னார்: "மகன், எனக்குத் தூரம் தெரியத் தேவல்ல. றோட்டுக் கரை தெரிஞ்சாக் காணும்." அவர் பைக்கில் பூட்டியதைத்தான் பிறகு என் பைக்கிலும் பூட்டினேன்.

கரை ஏன் முக்கியம் என்றால், நம் வீதிகளில் ஆபத்து கரையில் இருந்துதான் ஏறி வருகிறது. மாடு, நாய், லைட் இல்லாத சைக்கிள், மழை அரித்துப்போன தார் விளிம்பு, நடந்து போகிறவர்கள். ஆனி, ஆடியில் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிற அடியார்கள் திருக்கோவில், பொத்துவில் வழியாக விடியுமுன்பே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். வீதி ஓரத்தில் வரிசையாகப் போகிறவர்கள் மேல் அகலமான வெளிச்சம்தான் விழும், ஒடுங்கினது அவர்களைத் தாண்டிப் போய்விடும்.

ஆனால் ஃபோக் லைட்டை நம்பி வேகமாக ஓடலாம் என்று நினைக்க வேண்டாம். சரியாகத் தாழ்த்தி வைத்த ஃபோக் லைட் சுமார் 30 மீற்றருக்கு வெளிச்சம் தரும். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்குப் பதினேழு மீற்றர் போய்விடுவீர்கள். எருமையைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு செக்கன். அதற்குப் பிறகு காய்ந்த தாரில் நிற்க இன்னும் இருபது மீற்றர். 30 மீற்றரில் எப்படி நிற்பது? 40இல் போனால் கண்டதில் இருந்து நிற்கிறது வரை இருபது, இருபத்தைந்து மீற்றருக்குள் முடியும். மழையில் அதுவும் கூடும். ஆள் இல்லாத நேர் வீதியில் தூரத்துக்குப் பார்க்க ஹை பீம் இருக்கிறது, அதைப் பாவியுங்கள்.

ஸ்பொட்தான் வேண்டும் என்றால், அதன் ரிலேயை (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சின்னப் பெட்டி) ஹை பீம் வயரோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். டிம் போட்ட உடனே ஸ்பொட்டும் தானாக அணையும். எதிரே ஆள் வரும்போது இரண்டு சுவிட்சைத் தேட வேண்டியதில்லை. ஹெட்லைட் பற்றரியில் எரிகிற பைக்குகளில்தான் இது சரிவரும். ஏ.சி. ஹெட்லைட்டில் ரிலே கிடந்து நடுங்கும்.

எந்த இடத்தில் பூட்டுவது?

லெக் கார்டில், ஹெட்லைட்டை விடத் தாழ்வாக, இரண்டும் ஒரே உயரத்தில். தாழ்வாக இருந்தால் பள்ளத்தின் நிழல் நீளமாக விழும், கிடங்கு முன்கூட்டியே தெரியும். லெக் கார்ட் இல்லாவிட்டால் ஹெட்லைட்டுக்குக் கீழே இருக்கிற கிளாம்பில் ஒரு இரும்புப் பட்டம் அடித்துப் பூட்டலாம்.

முன் மட்கார்டில் பூட்டாதீர்கள், சில்லோடு சேர்ந்து நாள் முழுக்க அடி வாங்கும். கண்ணாடித் தண்டிலும் வேண்டாம். அந்த உயரத்தில் இருந்து வருகிற வெளிச்சம் எதிரே வருகிற கார்காரரின் கண்ணுக்கு நேராகப் போகும்.

கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவில் பழைய ரியூபை வெட்டி ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். அதிர்வும் குறையும், பெயின்ற்றும் தேயாது.

ஸ்கூட்டிக்குப் பூட்டலாமா?

பூட்டலாம். முன் ஏப்ரனுக்குக் கீழ்ப் பக்கம் பட்டம் அடிக்க இடம் இருக்கும். பற்றரி சின்னது, ஆகவே ஒரு பக்கம் 10 வாட்ஸுக்கு மேல் போகாதீர்கள். பிளாஸ்டிக்கில் நேராகத் துளை போட்டுப் பூட்டினால் ஒரு மாரிக்குள் வெடித்துவிடும். உள்ளே இருக்கிற இரும்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ரிலே கட்டாயம் வேண்டுமா? ஹெட்லைட் சுவிட்சில் இருந்தே எடுத்தால் என்ன?

இதை நானே செய்து பார்த்தவன். வேலை பழகிய காலம், என் சொந்த பைக், ரிலேக்குச் செலவழிக்க மனம் இல்லை. ஹெட்லைட் வயரைச் சீவி, அதில் ஒரு சோடி லைட்டை முறுக்கி, இன்சுலேஷன் ரேப் சுற்றிவிட்டேன். இரண்டு மாதம் அருமையாக எரிந்தது. மார்கழியில் ஒரு ராத்திரி, நல்ல மழை, ரவுனில் இருந்து வவுணதீவுக்குப் போகிற வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். அடுத்த நிமிடம் ஹெட்லைட், எக்ஸ்ட்ரா லைட் எல்லாம் ஒன்றாக அணைந்தது. பாலத்தின் நடுவில், இரண்டு பக்கமும் வாவி, கையில் போன் வெளிச்சம் மட்டும். மறுநாள் சுவிட்சைக் கழற்றினால் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உருகிப் பித்தளைத் தகட்டைச் சுற்றி மெழுகு மாதிரி வழிந்திருந்தது. முழு சுவிட்ச் செட்டையும் மாற்ற வேண்டி வந்தது. அந்தக் காசுக்கு எத்தனை ரிலே வாங்கியிருக்கலாம்!

கம்பெனி போட்ட சுவிட்ச் ஒரு ஹெட்லைட்டுக்கு அளந்து போட்டது. ரிலே போட்டால் அந்தச் சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயின் சுருளுக்கு வேண்டிய கரண்ட் மட்டும், ஏறக்குறைய 0.15 அம்பியர். லைட்டின் முழுக் கரண்டும் பற்றரியில் இருந்து ரிலே வழியாக நேராகப் போகும். ஒரு பியூஸ் போனாலும் எக்ஸ்ட்ரா லைட் மட்டும்தான் அணையும், ஹெட்லைட் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ரிலேயில் எந்தக் காலில் எந்த வயர்?

ரிலேயின் அடியில் எண்கள் அச்சடித்திருக்கும். பற்றரி பொசிற்றிவ்வில் இருந்து பியூஸ் வழியாக வருகிற தடித்த வயர் 30க்கு. 87இல் இருந்து இரண்டு லைட்டுக்கும். சுவிட்சில் இருந்து வருகிற மெல்லிய வயர் 86க்கு, 85 ஏர்த்துக்கு. அவ்வளவுதான்.

ஐந்து கால் ரிலே தந்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அதை வெறுமனே விடுங்கள். அதில் லைட்டைக் கொடுத்தால் சுவிட்ச் போடாதபோது எரியும், போட்டால் அணையும். அப்படி ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, "நானா, இரவு முழுக்க லைட் எரிஞ்சி பற்றரி செத்துப் போச்சி, பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்று கேட்ட ஒரு தம்பியை இன்னும் நினைவிருக்கிறது.

சுவிட்சுக்குப் போகிற கரண்டைத் திறப்புப் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒரு வயரில் இருந்து எடுங்கள், பின் லைட்டும் பற்றரியில் எரிகிற பைக் என்றால் பின் லைட் வயர் பொருத்தமானது. வயர் 1 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமல், பல இழை கொண்டதாக இருக்கட்டும். வீட்டு வயரிங்குக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி வேண்டாம், அதிர்வில் முறிந்துவிடும்.

ஏர்த்தைப் பற்றரி நெகட்டிவ்வுக்கே கொண்டுபோவது நல்லது. ஃபிரேமில் பூட்டினால் பெயின்ற்றைச் சுரண்டி இரும்பு மின்னுகிற மாதிரி எடுத்துப் பூட்டுங்கள். எனக்கு வருகிற 'லைட் எரியவில்லை' வேலைகளில் அதிகம் பெயின்ற்றுக்கு மேல் பூட்டிய ஏர்த்தான்.

பியூஸ் எத்தனை அம்பியர்?

இரண்டு லைட்டும் சேர்ந்து 40 வாட்ஸ் என்றால் 5, சேர்ந்து 20 வாட்ஸ் என்றால் 3. பற்றரி முனையில் இருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போட்டுத் தப்பப் பார்க்காதீர்கள், எங்கோ வயர் உரசுகிறது.

மழையும் கடல் காற்றும் வயரிங்கைத் தின்றுவிடுகிறதே, என்ன செய்வது?

கல்லடி, கல்முனை, நிந்தவூர் என்று கரையோரம் இருக்கிறவர்களின் வயரிங்கைத் திறந்தாலே தெரியும், செம்பு பச்சை பூத்திருக்கும். உப்புக் காற்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி போதும்.

முறுக்கி ரேப் சுற்றுகிற வேலையை விட்டுவிடுங்கள். வெயிலில் ரேப்பின் பசை உருகி வழுக்கும், மறுகா மழையில் தண்ணீர் உள்ளே ஏறும். நல்ல கிரிம்ப் (வயரை அமுக்கி இறுக்குகிற உலோக மூட்டு) அடித்து, மேலே சூட்டில் சுருங்குகிற குழாயைப் போடுங்கள். ஈயம் வைத்து ஒட்டுவது அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஈயம் உறிஞ்சிய இடத்தில் வயர் விறைத்துப் போய், அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறியும். ஒட்டினால் அந்த இடம் ஆடாமல் கட்ட வேண்டும். பிளக்குக்குள் கொஞ்சம் வாசலின் தடவி மூடுங்கள், பெரிய செலவில்லாத வைத்தியம்.

லைட்டுக்குப் போகிற வயரை ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றுங்கள். வயர் வழியே வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், லைட்டுக்குள் போகாது. ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி சீட்டுக்கு அடியில் பூட்டுங்கள்.

ஐபி67 என்று போட்ட லைட் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தால் தாங்கும் என்று அர்த்தம். வெள்ளத்துக்குள் பைக்கை இறக்குகிறவருக்கு அது உதவும். சேர்விஸ் ஸ்டேஷனில் பிரஷர் துப்பாக்கியைக் கிட்டப் பிடித்து அடிப்பதற்கு அந்த எண் பொறுப்பேற்காது. "தம்பி, லைட்டுக்கு நேர அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டே பைக்கைக் கொடுங்கள்.

ஆணிகளைப் பற்றி ஒரு வார்த்தை: அலுமினிய உடம்பில் சாதாரண இரும்பு ஆணி போட்டால் உப்புக் காற்றில் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அடுத்த வருடம் கழற்ற முடியாது. கிரீஸ் தொட்டுப் பூட்டுங்கள்.

எதிரே வருகிறவர் கண் கூசாமல் எப்படிச் சரிக்கட்டுவது?

காசு கேட்காத வேலை. அதனாலேயே யாரும் செய்வதில்லை.

சமதரையில், வீட்டு மதிலுக்கு முன்னால் 5 மீற்றர் தள்ளி பைக்கை நிறுத்துங்கள். சைட் ஸ்டாண்டில் இல்லை, ஆள் ஏறி உட்கார்ந்து நேராகப் பிடித்தபடி. வழக்கமாகப் பின்னால் யாரை ஏற்றுவீர்களோ அவரையும் ஏற்றுங்கள். பின்பக்கம் அமுங்கினால் முன் லைட் மேலே தூக்கும், ஆள் இல்லாமல் சரிக்கட்டிய லைட் ஆள் ஏறியதும் எல்லாருடைய கண்ணையும் குத்தும். வீட்டில் இருந்து சந்தைக்குப் போய் மீன் பெட்டியோடு திரும்புகிறவர் பெட்டியையும் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

லைட்டின் நடுப்புள்ளி நிலத்தில் இருந்து எத்தனை உயரம் என்று அளந்து மதிலில் சோக்கால் ஒரு கோடு. அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடு. வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க் கோட்டில் நிற்க வேண்டும். 5 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் இறங்கினால், 60 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிற லைட் 30 மீற்றரில் நிலத்தைத் தொடும். மேலே சொன்ன 30 மீற்றர் இந்தக் கணக்கில் வந்ததுதான்.

நாம் இடது பக்கம் ஓடுகிறவர்கள். ஆகவே இடது லைட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் கரையைப் பார்த்துத் திருப்பலாம். வலது லைட் நேராக, முடிந்தால் இன்னும் ஒரு பொடி தாழ்வாக. வலப்பக்கம் திருப்பவே கூடாது.

சரிக்கட்டி முடிந்ததும் கூட்டாளி ஒருவரை எதிர்ப்பக்கமாக உங்கள் பைக்கை நோக்கி நடந்து வரச் சொல்லிக் கேளுங்கள். "மச்சான், கண் கூசுதா?" அவர் முகத்தைத் திருப்பினால் இன்னும் இறக்குங்கள். பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கக் கிறுக்கிப் பார்த்து வயர் எங்காவது இழுபடுகிறதா, கிளட்ச் கேபிளில் உரசுகிறதா என்றும் பாருங்கள். வீதிக்கு வந்து ஒரு வாரம் ஓடியபின் ஆணிகளை மறுபடி இறுக்க வேண்டும். கட்டாயம் இளகியிருக்கும்.

யானை நிற்கிற வீதியில் லைட் உதவுமா?

தூரத்தில் கண்டுபிடிக்க உதவும். விரட்ட உதவாது. லைட்டை அதன் முகத்தில் அடித்து, ஹோர்ன் அடித்து வழி எடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், யானை வெளிச்சத்தை நோக்கியே வந்தால் பைக்கைத் திருப்ப நேரம் இருக்காது. தூரத்திலேயே நின்று, எஞ்சினை அணைக்காமல், மெதுவாகத் திருப்பிக்கொண்டு வாருங்கள். புல்லுமலைப் பக்கமும் படுவான்கரை எல்லைக் கிராமங்களிலும் இருக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரவுனில் இருந்து விருந்துக்குப் போய் இரவில் திரும்புகிறவர்களுக்காக எழுதினேன்.

பொலிஸ் பிடிக்குமா?

பிடிக்கலாம். நம் நாட்டில் வாகன லைட்டுகள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்கு உட்பட்டவை. 2025 ஜூலையில் இருந்து கண்ணைக் கூசவைக்கிற லைட், கலர் லைட், சத்தமான ஹோர்ன், மாற்றியமைத்த சைலன்சர் உள்ள வாகனங்கள் மேல் நாடு முழுக்க நடவடிக்கை எடுக்கிறார்கள். எக்ஸ்ட்ரா லைட் பூட்டிவிட்டு 'சட்டப்படி சரி' என்று என்னால் எழுதித் தர முடியாது.

நடைமுறையில் நான் சொல்வது: சிவப்பும் நீலமும் வேண்டவே வேண்டாம். தாழ்வாக, இரண்டே லைட், தனிச் சுவிட்சோடு இருக்கட்டும். ரவுனுக்குள் வந்ததும் அணையுங்கள். வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அவை எரிய ஒரு காரணமும் இல்லை. பகலில் உறை போட்டு மூடி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் நல்ல பழக்கம்.

பிளாஷ் அடிக்கிற மோட் இருக்கிற லைட்?

அந்த மோட் வயரை வெட்டி மூடிவிட்டுத்தான் பூட்டிக் கொடுப்பேன். விருப்பமில்லை என்றால் வேறு கடை பார்க்கலாம்.

பூட்டியாயிற்று, ஆனால் ஒழுங்காக எரியவில்லை. என்ன பிழை?

சிக்னல் போட்டால் எக்ஸ்ட்ரா லைட்டும் சேர்ந்து மினுங்குகிறதா? ஏர்த் சரியில்லை. கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் சிக்னல் பல்பு வழியாகப் போகிறது. ஏர்த்தைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள்.

செல்ஃப் அடிக்கும்போது ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டால் பற்றரி பலவீனம், அல்லது முனையில் துரு. ஸ்டார்ட் பண்ணும் முன் லைட்டை அணைத்துவிட்டால் ரிலேயும் லைட்டும் நீண்ட நாள் வரும்.

ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் இரண்டு லைட்டின் பிளக்கையும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். மங்கல் மறுபக்கம் போனால் வயரிங், அதே லைட்டில் நின்றால் லைட்.

லைட்டுக்குள் கண்ணாடியில் வியர்வை மாதிரி ஈரம் கட்டினால் கழற்றி வெயிலில் காயவைத்து, விளிம்பில் சிலிக்கன் பூசலாம். தண்ணீர் தேங்கி நின்றால் அது முடிந்த லைட்.

புது பைக். வயரை வெட்டினால் வொரண்டி போய்விடுமா?

போகலாம். கம்பெனி வயரிங்கை வெட்டாமலே செய்யலாம். பற்றரி முனையில் இருந்து தனி வயர், ரிலேயைத் தூண்ட மட்டும் பியூஸ் பெட்டியில் செருகிக் கரண்ட் எடுக்கிற ஒரு டாப். வேலை முடிந்தபின் எல்லாவற்றையும் உருவிவிட்டால் பைக் வந்த மாதிரியே இருக்கும். கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அதற்குக் கூலி கேட்டால் குறைப் பேரம் பேசாதீர்கள்.

பைக்கை விற்கும்போது லைட்டைக் கழற்றி அடுத்ததில் பூட்டலாமா?

தாராளமாக. ஆனால் பியூஸில் இருந்து லைட் பிளக் வரைக்கும் உள்ள வயரை அந்தப் பைக்கிலேயே விட்டுவிடுங்கள். உப்பு குடித்த பழைய வயரைப் புது பைக்கில் இழுக்கிறது வீண் வேலை. லைட்டுகளையும் ரிலேயையும் மட்டும் எடுங்கள். விட்டுப் போகிற வயரின் பியூஸைக் கழற்றி, அறுந்த முனைகளுக்கு ரேப் சுற்றி, வாங்குகிறவரிடம் சீட்டைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திறப்பைக் கொடுங்கள்.